ஸ்டெரோல் மாஜரீன் சாப்பிட்டால் கொலஸ்ட்ரோல் குளிசையை விடலாமா?

வெள்ளவத்தை மகள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, சீனி வருத்தம் இருக்கிறது, பிறஷர் இல்லை. கடைசியாக இரத்தம் சோதித்தபோது எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 152 என்று வந்ததால் கிளினிக்கில் அட்டோர்வஸ்டட்டின் 20 மில்லிகிராம் எழுதித் தந்தார்கள். அதற்குள் லண்டனில் இருந்து வந்த சின்னம்மா, தாவர ஸ்டெரோல் (கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்று விற்கிற தாவரக் கொழுப்புப் பொருள்) சேர்த்த மாஜரீனும் குட்டிக் குட்டிப் போத்தலில் தயிர்ப்பானமும் ஒரு பை நிறையக் கொண்டு வந்து இறக்கி, "இதைச் சாப்பிட்டால் குளிசையே தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு ஏற்கனவே குளிசை என்றால் பயம், மேல்வீட்டு அன்ரி வேறு "அது போட்டால் கால் உளையும்" என்று சொல்லி வைத்திருக்கிறார். இப்போது குளிசை அலுமாரிக்குள், மாஜரீன் மேசையில்.

இந்த ஸ்டெரோல் உண்மையிலேயே வேலை செய்யுமா? மாரடைப்பைத் தடுக்குமா? அப்பா சொல்கிறார், எள்ளிலும் கச்சானிலும் இது இருக்கிறதாம், நல்லெண்ணெயில் சமைத்தாலே போதுமாம். காலி வீதியில் ஒரு பாமசியில் கப்சூலாகவும் வைத்திருக்கிறார்கள், விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாமசி அண்ணை

தங்கச்சி, முதலில் குளிசையை அலுமாரியில் இருந்து எடுங்கள். மிச்சம் பிறகு கதைக்கலாம்.

சீனி வருத்தம் இருக்கிற, 40 வயது தாண்டிய ஆளுக்கு எல்.டி.எல். எவ்வளவு என்று பெரிதாகப் பார்க்காமலே ஸ்டட்டின் (அம்மாவின் அட்டோர்வஸ்டட்டின் இந்த வகைதான்) கொடுப்பதுதான் இன்றைக்கு வழக்கம், ஏனென்றால் சீனியே இரத்தக் குழாயைக் கெடுக்கும். அதை விட்டுவிட்டு மாஜரீனை நம்புவது கணக்குக்குச் சரிவராது. ஸ்டெரோல் ஒரு நாளைக்கு 2 கிராம் அளவில் ஒழுங்காக எடுத்தால் எல்.டி.எல். 7 முதல் 10 சதவீதம் வரை இறங்கும், இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது, பொய்யில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் 152இல் 10 சதவீதம் என்றால் 15தான். அட்டோர்வஸ்டட்டின் 20 மில்லிகிராம் 40 சதவீதத்துக்குக் கிட்ட இறக்கும், அதாவது 60.

கால் உளைவு பற்றி: ஸ்டட்டினையும் வெறும் மாவுக் குளிசையையும் யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்த பெரிய ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2022இல் பார்த்தார்கள். ஸ்டட்டின் எடுத்தவர்கள் சொன்ன தசை நோக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஸ்டட்டினால் வந்ததே இல்லை. வயது போனால் கால் உளையும், அன்ரிக்கும்தான். ஆனால் நோ கடுமையாக இருந்தால், அல்லது சிறுநீர் கறுத்துப் போனால் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

குரக்கன் புட்டு

அப்பாவின் எள்ளுக் கதைக்கு நான் வருகிறேன், சாப்பாட்டுப் பக்கம்தான் என் வேலை.

அப்பா சொல்வதில் பாதி சரி. எல்லாத் தாவரத்திலும் ஸ்டெரோல் இருக்கிறது, எங்கள் உயிரணுவின் மென்சவ்வுக்குக் கொலஸ்ட்ரோல் போல அவற்றின் மென்சவ்வுக்கு இது. நல்லெண்ணெயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 800 மில்லிகிராம், அரிசித் தவிட்டு எண்ணெயில் அதைவிடக் கூட, கச்சானில் 200 சொச்சம். தேங்காயெண்ணெய்தான் இதில் கடைசி வாங்கு, 100ஐயும் தொடாது. இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 14 கிராம், அதில் வருவது 110 மில்லிகிராம். 2 கிராம் வேண்டுமென்றால் கால் லீற்றருக்கு மேல் நல்லெண்ணெய் குடிக்க வேண்டும், அல்லது ஒரு கிலோவுக்குக் கிட்டக் கச்சான் கொறிக்க வேண்டும். காலிமுகத்திடலில் வாங்குகிற கச்சான் சுருள் எந்த மூலைக்கு? சாதாரணமாகச் சாப்பிடுகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம்தான் கிடைக்கும். அதனால்தான் தாவர எண்ணெயில் இருந்து பிரித்தெடுத்துக் கொழுப்போடு சேர்த்து மாஜரீனில் போடுகிறார்கள். பின்லாந்தில் 1995இல் பெனகொல் என்ற மாஜரீன் வந்ததில் இருந்துதான் இந்த வியாபாரம் பெருத்தது, அதில் இருப்பது ஸ்டெரோலின் ஒன்றுவிட்ட தம்பியான ஸ்டனோல்.

அதற்காக அப்பாவின் நல்லெண்ணெயைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்டெரோலை விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் (பாமெண்ணெய் இதில் சேர்த்தியில்லை) தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.ஐ ஏறக்குறைய 10 (அம்மாவின் 152 எந்த அளவிலோ அதே அளவில்) ஏற்றுகிறது. ஸ்டெரோல் மாஜரீன் காலையில் இறக்கியதில் பெரும்பகுதியை மத்தியானப் பொரியல் திரும்ப ஏற்றிவிடும்! சொதியை நிற்பாட்டச் சொல்லவில்லை, எனக்கே அது முடியாது. தாளிக்கவும் பொரிக்கவும் எண்ணெயை மாற்றுங்கள், முதல் பாலைக் குறையுங்கள். சம்பலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சந்தேகப் பிராணி

ஒருவரும் சின்னம்மாவின் மாஜரீனைப் பற்றி முக்கியமானதைச் சொல்லவில்லையே. ஸ்டெரோல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்புக் குறைந்தது என்று காட்டிய ஒரு பெரிய ஆய்வும் இன்றுவரை கிடையாது. எண் இறங்குகிறது, சரி. எண்ணா செத்துப் போகிறது, ஆளல்லவா? பிரிட்டனில் டொக்டர்மாருக்கு வழிகாட்டல் எழுதுகிற நைஸ் அமைப்பே இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் எழுதி வைத்தது. சின்னம்மா அந்த ஊரில்தானே இருக்கிறார்.

இன்னொன்று, சிட்டோஸ்டெரோலீமியா என்று மிக அரிதான பரம்பரை வருத்தம் ஒன்று இருக்கிறது, 1974இல் முதன்முதலில் விவரித்தார்கள். அவர்களின் குடல் தாவர ஸ்டெரோலைத் திருப்பித் தள்ளாமல் உள்ளே விட்டுவிடும், சின்ன வயதிலேயே இதயக் குழாய் அடைபடும். அப்படியென்றால் இரத்தத்தில் ஏறுகிற ஸ்டெரோல் நல்லதா கெட்டதா?

பாமசி அண்ணை

சந்தேகம் நியாயம், ஆனால் அந்த வருத்தக்காரரின் இரத்தத்தில் ஸ்டெரோல் எங்களைப் போல பல பத்து மடங்கு. சாதாரண ஆளின் குடலில் உள்ளே வந்த ஸ்டெரோலைத் திருப்பி வெளியே தள்ளுவதற்கென்றே இரண்டு புரதங்கள் சேர்ந்து பம்பு மாதிரி வேலை செய்கின்றன, அதனால் மிகக் கொஞ்சம்தான் இரத்தத்துக்குப் போகும். அந்தக் கொஞ்சம் பல வருடத்தில் ஏதாவது செய்யுமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இழுபறி.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஸ்டெரோல் செய்வது, குடலில் கொலஸ்ட்ரோல் ஏறுகிற இடத்தைத் தான் பிடித்துக்கொள்வது. எசெட்டிமைப் என்ற குளிசை அதே வாசலைத்தான் வேறு விதமாகப் பூட்டுகிறது. அதை ஸ்டட்டினோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது, ஏற்கனவே நெஞ்சு வருத்தம் வந்தவர்களில் 7 வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 34.7 சதவீதத்தில் இருந்து 32.7க்கு இறங்கின. சின்ன இறக்கம்தான், ஆனால் எந்த வழியில் இறக்கினாலும் எல்.டி.எல். இறங்கினால் நன்மை என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆகவே ஸ்டெரோல் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பணமிருந்து, ஸ்டட்டினுக்கு மேலே கொஞ்சம் இறக்க விரும்புகிறவர் எடுக்கட்டும். இன்னும் இறக்க வேண்டுமென்று டொக்டர் சொன்னால், அந்தக் கப்சூல் காசுக்கு எசெட்டிமைப் பற்றிக் கேட்பதுதான் புத்தி.

வெள்ளவத்தை மகள்

நன்றி அண்ணை, அக்கா (அக்காதானே?). அம்மாவுக்கு 15, 60 கணக்கைக் காட்டினேன், முகம் கொஞ்சம் மாறியது. நேற்று இரவு குளிசை போட்டார். மாஜரீனை எறிய மனமில்லை, அதை என்ன செய்யலாம்? வீட்டில் பாண் சாப்பிடுவது நான் மட்டும்தான், எனக்கு வயிற்றில் 5 மாதம்.

குரக்கன் புட்டு

அக்காதான். நீங்கள் தொடவேண்டாம்! கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் இது ஏற்றதில்லை என்று டப்பாவிலேயே இருக்கும், வாசித்துப் பாருங்கள். அம்மா குளிசையோடு சேர்த்தே சாப்பிடலாம், இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை. சாப்பாட்டு நேரத்தில் எடுக்கட்டும், வெறும் வயிற்றில் அந்தப் போத்தலைக் குடித்துப் பெரிய பிரயோசனமில்லை. ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகவேண்டாம். ஸ்டெரோல் கரட் சத்தையும் கொஞ்சம் மறிக்கும், அதனால் கரட், பூசணி, வல்லாரை எல்லாம் தாராளமாகச் சேருங்கள். பொரிப்பதற்கு அந்த மாஜரீன் சரிவராது, தண்ணீர் கூட, சட்டியில் வெடிக்கும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், கொப்பியில் எழுதிக்கொள்வார்கள்.