ஏழு நாள் டீடாக்ஸ் பொடி: மூன்றாம் நாளிலேயே 2.4 கிலோ குறைந்துவிட்டது, தொடரலாமா?

கேள்வி: கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வயது 44, உயரம் 156 செ.மீ., போன ஞாயிற்றுக்கிழமை எடை 74 கிலோ. இரத்த அழுத்தத்துக்காக மூன்று ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அது டெல்மிசார்டனுடன் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற நீர்மாத்திரையும் கலந்தது. தை மாதம் தங்கை மகளுக்குத் திருமணம். அதற்குள் கொஞ்சமாவது இளைத்துவிட வேண்டும் என்ற ஆசையில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காலை நடைக்கு வரும் தோழி ஒருவர் கொடுத்த ஏழு நாள் டீடாக்ஸ் பொட்டலத்தை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன்.

முறை இதுதான்: விடிந்ததும் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த வெந்நீர், பகலில் நான்கு முறை காய்ச்சாறு, இரவு படுக்கும் முன் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி பொடி. சோறு, பருப்பு, மீன், மோர் எதுவும் கூடாது. பொட்டலத்தின் பின்புறம் நிலாவாரை இலை, கடுக்காய்த் தோல், இசப்கோல் உமி, இந்துப்பு என்று பொடியெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எது எவ்வளவு என்று போடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எடை 71.6 கிலோ. மகிழ்ச்சியில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் அன்றைக்குள் எட்டு முறை வயிற்றுப்போக்கு; இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துத் தூக்கத்திலிருந்து அலறி எழுந்தேன்; இன்று காலை கழிப்பறையிலிருந்து எழும்போது கண் இருட்டிக்கொண்டு வர, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோழியிடம் சொன்னால், உடம்பில் தேங்கிய நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், வழவழப்பாகக் கயிறு போல வெளியே வருவதுதான் குடலில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கு, பாதியில் விட்டால் பலன் போய்விடும் என்கிறார். இன்னும் நான்கு நாள்தான் பாக்கி. தொடரலாமா?

பதில் 1: கோரிமேடு மருந்தாளுநர்

சகோதரி, மற்றதைப் பிறகு பேசலாம். இன்றிரவு அந்தப் பொடியைச் சாப்பிடாதீர்கள். இன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; ஓரிரு நாள் நிறுத்திவைப்பதா, மாற்றுவதா என்பதை உங்கள் அழுத்தத்தை அளந்து பார்த்து அவர் சொல்லட்டும். நெஞ்சு படபடத்தாலோ மயங்கி விழுந்தாலோ நேராக அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. நீர்மாத்திரை என்பது சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றித்தான் அழுத்தத்தைக் குறைக்கிறது. அதோடு பொட்டாசியமும் போகும். நிலாவாரை பெருங்குடலைத் தூண்டி மலத்தை வெளியேற்றும் பேதி மருந்து; வயிற்றுப்போக்கிலும் நீர், சோடியம், பொட்டாசியம் மூன்றுமே போகும். இரண்டு வாசலையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, சோற்றையும் மோரையும் நிறுத்திவிட்டீர்கள். கெண்டைக்கால் பிடிப்பும் கண் இருட்டலும் நச்சு வெளியேறும் அறிகுறிகள் அல்ல. நீரும் உப்பும் குறைந்துபோனதன் அறிகுறிகள். பொட்டாசியம் மிகவும் தாழ்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடும். உடலில் நீர் வற்றிய நிலையில் டெல்மிசார்டன் போன்ற மாத்திரை உள்ளே இருந்தால் சிறுநீரகமும் அடிவாங்கும்.

இனி அந்த 2.4 கிலோவுக்கு வருவோம். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்திய ஓரிரு நாளில் அந்தச் சேமிப்பு கரைய, அதனுடன் இருந்த நீரும் சிறுநீராகப் போய்விடும். போதாக்குறைக்குக் குடலில் இருந்ததெல்லாம் பேதியில் போயிற்று. கொழுப்புக் கணக்கு வேறு: ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். உங்களுக்கு நாளொன்றுக்கு 1,800 கலோரி தேவை என்றும், சாற்றில் 600 கிடைத்தது என்றும் வைத்துக்கொண்டால், மூன்று நாளில் பற்றாக்குறை 3,600. அதாவது அரை கிலோவுக்கும் குறைவான கொழுப்பு. மீதி இரண்டு கிலோவை ஒரு தட்டுச் சோறும் உப்பிட்ட குழம்பும் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அப்போது உங்கள் தோழி, ‘நீங்கள் கட்டுப்பாட்டை விட்டுவிட்டீர்கள், இன்னொரு பொட்டலம் வாங்குங்கள்’ என்பார். இந்த வணிகம் அந்த இரண்டு கிலோவில்தான் நிற்கிறது என்பது என் கருத்து.

பேதியானால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது என்ற நம்பிக்கையும் சரியில்லை. உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நிலாவாரை வேலை செய்வதோ அதற்கடுத்த பெருங்குடலில். பேதி மருந்தைக் கொடுத்து லிட்டர் கணக்கில் வயிற்றுப்போக்கு உண்டாக்கி அளந்து பார்த்த 1983-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில், உடலுக்குள் சேரும் கலோரி சுமார் 12 சதவீதம் மட்டுமே குறைந்தது.

கயிறு போல வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு தேக்கரண்டி இசப்கோலைக் கால் டம்ளர் நீரில் போட்டு அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். கரண்டியால் தூக்கினால் கூழ் போலக் கெட்டிப்பட்டு இழுபடும். நீங்கள் கண்ட பழைய அழுக்கு, முந்தின இரவு நீங்களே விழுங்கிய பொடிதான்.

நச்சு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. புரதம் சிதைவதால் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே விடுகின்றன. இந்த வேலை நின்றுபோனவர்களுக்குத்தான் டயாலிசிஸ். வேலை செய்யும் உறுப்புக்குப் பொடி என்ன கூடுதலாகச் செய்கிறது? 2009-இல் பிரிட்டனில் இளம் அறிவியலாளர்கள் சிலர் டீடாக்ஸ் என்ற பெயரில் விற்ற 15 பொருள்களின் தயாரிப்பாளர்களிடம், எந்த நச்சை நீக்குகிறீர்கள், அதற்குச் சான்று என்ன என்று கேட்டபோது ஒருவரிடமிருந்தும் உருப்படியான விடை வரவில்லை. உங்கள் பொட்டலத்திலும் நச்சின் பெயர் இருக்காது, தேடிப் பாருங்கள்.

பதில் 2: நெல்லிக்குப்பம் பெரியவர்

மருந்தாளுநர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பேதி என்றாலே ஏமாற்று என்று இளையவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் சிறு வயதில் பள்ளி விடுமுறை விட்டதும் ஒரு நாள் விடியற்காலையில் பாட்டி எங்கள் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெயை ஊற்றிவிடுவார். அன்று முழுவதும் மோர்ச்சோறும் சுட்ட அப்பளமும்தான். சித்த மருத்துவத்தின் நோயணுகா விதியிலேயே நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்து கொள்ளச் சொல்லியிருக்கிறது. நிலாவாரையும் நம் மண்ணின் மருந்துதான். உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலியின் பெயரால் ‘தின்னவேலி சென்னா’ என்றே பெயர். மலச்சிக்கலுக்கு அதை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அம்மா. அது ஒரு நாள். உங்களுடையது ஏழு நாள். அன்றைக்கு மோரும் உப்பும் சோறும் உண்டு. உங்களுக்கு அவையே விலக்கு. நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தியர் அளவு சொல்வார். கர்ப்பிணிக்கும் மெலிந்தவருக்கும் முதியவருக்கும் கொடுக்க மாட்டார். இளைப்பதற்காகப் பேதிக்குக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பேதியானால் உடம்பு வற்றும் என்று பாட்டி வருத்தப்பட்டுத்தான் மறுநாள் வேகவைத்த மல்லாட்டையும் (நிலக்கடலை) முட்டையும் கொடுத்தார். பழைய மருந்தின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் பத்தியத்தை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் குறை.

பதில் 3: வில்லியனூர் வாலிபன்

நான் உடன்படவில்லை. சென்ற ஆண்டு ஐந்து நாள் சாற்று விரதம் இருந்தேன். அதிலிருந்து மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது, இன்றுவரை ஏறவில்லை. பொடி எதுவும் வாங்கவில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலையில் எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக வைத்து விற்கும் அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணிச் சாறுகள்தான். இயற்கையானதைக் குடிப்பதில் என்ன ஆபத்து?

பதில் 4: கோரிமேடு மருந்தாளுநர்

தம்பி, அந்த மூன்று மாதமும் மாலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்களேன். ஐந்து நாளில் போனது நீர் என்றால், அடுத்த எண்பத்தைந்து நாளில் போனதற்குத்தான் பெருமை. அதைச் செய்தது எது என்று பார்ப்போம்.

இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்று சொல்ல முடியாது. 2010-இல் டெல்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, சுரைக்காயில் ஒரு சிறு துண்டைக் கடித்துப் பார்த்து, கசந்தால் அதைச் சாறு பிழியவே கூடாது என்று அறிவுறுத்தியது. குக்குர்பிட்டாசின் என்ற நச்சுதான் அந்தக் கசப்பு. நச்சை நீக்கக் குடிக்கும் சாற்றிலேயே நச்சு! கேரளத்தில் பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றை மிகுதியாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிட்டது. பசலைக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். பொரியலாக ஒரு கைப்பிடி தின்பது வேறு, பச்சையாக அரைத்து நாள்தோறும் அரை லிட்டர் குடிப்பது வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர்கூட ஆகாது, அதிலுள்ள பொட்டாசியத்தால்.

கடையில் நான் பெரிதும் அஞ்சுவது சர்க்கரை நோயாளிகளைத்தான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவை நிறுத்தினால் சர்க்கரை சரிந்து சுயநினைவே தப்பும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர் பட்டினி கிடந்தால், இரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் விரல் குத்திப் பார்த்தால் எண் பயமுறுத்தாது என்பதால் நோயாளி தாமதமாகத்தான் வருவார்.

இன்னொன்று: பெயரில்லாத பொடி ‘நம்ப முடியாத வேகத்தில்’ இளைக்க வைத்தால் சந்தேகப்படுங்கள். இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற இளைப்பு மருந்து, மூலிகை என்ற பெயரில் விற்கும் இளைப்புப் பொருள்களில் கலந்திருந்ததாகப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். உறையில் 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் தயாரிப்பாளர் உரிமம் பெற்றிருக்கிறார் என்றுதான் பொருள். பொடி வேலை செய்யும் என்று அரசு சொன்னதாகப் பொருளல்ல.

பதில் 5: வில்லியனூர் வாலிபன்

கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். விரதம் முடிந்த பிறகு இரவு பரோட்டாவை விட்டேன், மாலை டீயுடன் இரண்டு பஜ்ஜியை விட்டேன், டீயில் சர்க்கரையையும் பாதியாக்கினேன். இப்போது எழுதும்போதுதான் கணக்கு எனக்கே புரிகிறது. ஆனாலும் அந்த ஐந்து நாள் இல்லாவிட்டால் இதையெல்லாம் தொடங்கியிருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 6: கெடிலக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அன்று மாலையே மருத்துவரைப் பார்த்தேன். சோடியம் 131, பொட்டாசியம் 3.1, சோடியம் 135-க்கும் பொட்டாசியம் 3.5-க்கும் குறையக் கூடாதாம். கிரியாட்டினின் நல்லவேளையாகச் சரியாக இருந்தது. உப்புக்கரைசலும் ஒரு மருந்தும் கொடுத்து, இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவைத்துப் பிறகு தொடரச் சொன்னார். கால் பிடிப்பு மறுநாளே விட்டது. ஐந்தாம் நாள் எடை 73.4 கிலோ, மருந்தாளுநர் சொன்ன கணக்கு ஏறக்குறைய அப்படியே.

திருமணத்துக்குள் மூன்று அல்லது நான்கு கிலோ குறைந்தாலே போதும், எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னார். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் உழவர் சந்தைக் காய்களையும் முதுநகரிலிருந்து வரும் மத்தி, கானாங்கெளுத்தி மீன்களையும் வறுக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறேன். இசப்கோலையும் டம்ளரில் ஊறவைத்துப் பார்த்தேன். அதே கயிறுதான், வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் ஒன்று தெரிந்தது. தோழியும் அதே பொடியை மாதம் ஒரு வாரம் சாப்பிடுகிறார். அவருக்குச் சர்க்கரை நோய், இரண்டு மாத்திரைகள் போடுகிறார், பெயர் தெரியவில்லை. நாளைக் காலை நடைக்கு வரும்போது அந்த மாத்திரை அட்டைகளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பெயர்களை இங்கே எழுதுகிறேன். மருந்தாளுநர் பார்த்துச் சொல்ல வேண்டும்.