அதிகம் எடுக்காத இரண்டு கைத்துப்பாக்கிகள்: எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

நொய்யல்கரை

வணக்கம். என் உரிமத்தில் இரண்டு ஆயுதங்கள் ஏறியிருக்கின்றன. ஒன்று வால்த்தர் பி.பி., 7.65 மி.மீ. பிஸ்டல், பிரான்ஸ் மனுரின் தயாரிப்பு, 1998-ல் உரிமத்தில் ஏறியது. இன்னொன்று கான்பூரில் தயாரான .32 ரிவால்வர், 2006-ல் புதிதாக வாங்கியது. இரண்டையும் சுட்டுப் பல வருடம் ஆகிறது. ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைப்பதும், தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவதும்தான் இப்போதைய உபயோகம்.

எனக்கு வயது 63. உரிமம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மகளுக்கு இதில் ஆர்வம் உண்டு, ஆனால் அவளுக்கு உரிமம் கிடையாது. வெளிநாட்டுப் பிஸ்டலுக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். அதனால் பிஸ்டலை விற்றுவிட்டு ரிவால்வரை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இரண்டையுமே கொடுத்துவிடுவது நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு

சார், நீங்கள் யோசித்திருப்பதைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். விற்பதாக இருந்தால் ரிவால்வரை விற்கலாம், பிஸ்டலை வைத்துக்கொள்ளலாம்.

பிஸ்டலுக்கு ஏன் அவ்வளவு விலை? தனியாட்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வரவழைப்பது 1980-களிலேயே அடைபட்டுவிட்டது. பெயர் பெற்ற போட்டி வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் வழி இருக்கிறது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்த வால்த்தர், கோல்ட், வெப்ளி, பிரவுனிங் ஆகியவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்ற பிறகு மனம் மாறினால், அதே தரத்தில் இன்னொன்று வாங்க விற்ற பணம் போதாது. கான்பூர் ரிவால்வர் அப்படியில்லை. உரிமத்தில் இடம் இருந்தால் நாளைக்கே புதிது வாங்கலாம். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டல் மீதான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. புதியது விலை ஏறியிருப்பதால், நல்ல நிலையில் உள்ள பழைய ரிவால்வரைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொந்தப் பொருளை விற்பதால் உங்களுக்கு அந்த வரி கிடையாது.

அடுத்தது மகள் விஷயம். இதைத்தான் நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளில் 25-ஆம் விதி, உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற இடம் தருகிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அந்த ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இரண்டில் எது முந்துகிறதோ அது போதும். உங்கள் பிஸ்டலுக்கு 2023-லேயே 25 ஆண்டு முடிந்துவிட்டது. ரிவால்வருக்கு 2031-ல்தான் முடியும், உங்களுக்கு 70 ஆவது அதற்குப் பிறகு. அதாவது இன்றைக்கு மகள் பெயருக்குப் போகக்கூடியது நீங்கள் விற்க நினைக்கும் பிஸ்டல்தான். மகள் தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், காவல்துறை விசாரணை நடக்கும், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். அது வந்த பிறகுதான் பிஸ்டல் அவர் கைக்குப் போகும். அதுவரை பெட்டிச் சாவியும் அவரிடம் இருக்கக் கூடாது.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். அதற்கு முன் மூன்று இருந்தது. வாரிசாக வந்தாலும் இந்த இரண்டு என்ற வரம்பு மாறாது, இதையும் கணக்கில் வையுங்கள்.

தாழ்ப்பாள்

விலை பேசுவதற்கு முன் இரண்டின் நிலையையும் பாருங்கள். வெளிச்சமான இடத்தில், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒருமுறைக்கு இருமுறை காலி என்று உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

ரிவால்வர்: கான்பூர் .32 வெப்ளி வழி வந்தது, நடுவில் மடங்கித் திறக்கும். மடங்கும் மாடலில் முதலில் தேய்வது கீல் ஆணியும் மேல் கொண்டியும். மூடிய நிலையில் ஒரு கையில் பிடியையும் மறு கையில் குழலையும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் லேசாக அசையுங்கள். 'டிக்' என்ற சத்தமோ கையில் தெரியும் ஆட்டமோ இருந்தால் விலை இறங்கும். பிறகு தோட்டாக்கள் நிற்கும் உருளையை ஒரு விரலால் லேசாக அழுத்தித் தடுத்தபடி சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுதாக நிற்பதற்குள் உருளை பூட்டிக்கொள்ள வேண்டும். உருளையில் உள்ள ஆறு தோட்டா அறைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது சகஜம். பிந்தினால் தோட்டா குழலுக்கு நேராக நிற்காது, சுடும்போது ஈயம் பக்கவாட்டில் சிதறும். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு அளவெடுங்கள். 0.10 முதல் 0.20 மி.மீ. வரை நல்லது. 0.30-ஐத் தாண்டினால் வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

பிஸ்டல்: பி.பி.-யில் சேஃப்டி லீவரைக் கீழே இறக்கினால் சுத்தியல் தானே விழும், தோட்டாவைத் தட்டும் ஊசியில் படாதபடி உள்ளே ஒரு தடுப்பு இருக்கும். வருடக்கணக்கில் பழகிய பிஸ்டலில் இந்தத் தடுப்பு தேய்ந்திருக்கலாம். தோட்டா அடுக்கும் மேகசீனைக் கழற்றி, குழலின் தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, சுத்தியலை ஏற்றுங்கள். குழல்வாயை மேல்நோக்கிப் பிடித்து, ஒரு பென்சிலை ரப்பர் முனை உள்ளே போகும்படி விடுங்கள். இப்போது லீவரை இறக்கினால் சுத்தியல் விழும், பென்சில் அசையக் கூடாது. துள்ளினால் ஊசி முன்னே வருகிறது என்று அர்த்தம். அந்தப் பிஸ்டலில் அறையில் தோட்டா இருக்கும்போது லீவரைத் தொடவே கூடாது. பழுது பார்க்கும் உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் தோல் உறையில் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். உறை இறுகப் படிந்த இடத்தில் மட்டும், அதே வடிவத்தில், மிளகு தூவியதுபோல் துருப்புள்ளி வந்திருக்கும். மெல்லிய எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட ஊற்ற வேண்டாம். ஊசி ஓடும் துளைக்குள் அது இறங்கி, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

மேற்குவாசல்

ஒரு மாற்றுக் கருத்து. வருடத்துக்கு ஒருமுறைகூடச் சுடாத, மாதத்துக்கு ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஆயுதம் வீட்டில் இருப்பது பாதுகாப்பு அல்ல. அவசரத்தில் பழக்கமில்லாத கை தடுமாறும். திருட்டுப் போனாலோ உரிமதாரர்தான் பதில் சொல்ல வேண்டும். மகள் உண்மையாகவே உரிமம் எடுத்துப் பழகுவார் என்றால் பிஸ்டலை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த எண்ணம் உறுதியாக இல்லையென்றால் இரண்டையுமே கொடுப்பதுதான் சரி. போட்டிக்கு உதவும் என்றும் நினைக்க வேண்டாம், 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் இலக்குக்கென்றே செய்த பிஸ்டல்கள்தான் நிற்கும். பி.பி. போலீஸ் உபயோகத்துக்குச் செய்தது.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் பேசினேன், பயிற்சிக்குச் சேர்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆகவே ரிவால்வரை மட்டும் விற்பது என்று முடிவு. ஈரோட்டில் ஒருவர் கேட்கிறார், உரிமம் வைத்திருக்கிறார். "பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ரிவால்வரைக் கொடுங்கள், பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். சரிவருமா? நீல மெருகு சில இடத்தில் போயிருக்கிறது, புதிதாக ஏற்றிவிட்டு விற்றால் விலை கூடுமா? ரிவால்வர் தோட்டா 30 இருக்கிறது, பிஸ்டலின் 7.65 மி.மீ.-க்கும் .32 என்றே பெயர் என்பதால் நானே வைத்துக்கொள்ளலாமா?

பேரேடு

கொடுக்கவே கொடுக்காதீர்கள் சார். ஆயுதச் சட்டம் 5(2) பிரிவின்படி, விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் எழுத்து மூலம் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 45 நாள் கழிய வேண்டும். அதற்கு முன் கைமாற்றினாலே 25(3)-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. வாங்குபவர் உரிமத்தில் அந்த ஆயுதம் ஏறாமல் அவர் கையில் இருந்தால் அவர் பாடு இன்னும் மோசம், 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கிக்கு குறைந்தபட்சமே இரண்டு ஆண்டு.

கடிதத்தை கலெக்டர் அலுவலகம், ஸ்டேஷன் இரண்டிலும் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கிவிடுங்கள். (மாநகரக் காவல் ஆணையர் உரிமம் தரும் ஊர்களில் கலெக்டருக்குப் பதில் ஆணையர் அலுவலகம்.) முத்திரைத் தேதியிலிருந்துதான் 45 நாளை எண்ண வேண்டும். கடிதத்தில் ரிவால்வர் எண்ணைச் சட்டகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். உரிமப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால், அதில் ஏற்கெனவே ஓர் இலக்கம் தப்பாக ஏறியிருந்தால், இந்த இடத்தில்தான் வண்டி நிற்கும். தப்பு இருந்தால் முதலில் திருத்தம், பிறகு விற்பனை. இடையில் வாங்குபவர் மாறினால் புதுப் பெயரோடு புதுக் கடிதம், 45 நாளும் முதலிலிருந்து.

வாங்குபவரிடம் மூன்றைப் பாருங்கள்: உரிமம் காலாவதி ஆகவில்லையா, தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, இன்னொரு கைத்துப்பாக்கி வாங்க உரிமத்தில் இடம் இருக்கிறதா. அவர் வேறு மாவட்டம் என்பதால் அவருடைய உரிமம் தரும் அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்றையும் (என்.ஓ.சி.) கேட்டு வாங்குங்கள். அவர் நேரில் வந்து தன் உரிமத்தோடு எடுத்துப் போக வேண்டும். கூரியர், பேருந்துப் பார்சல், தெரிந்தவர் கார் எதுவும் கூடாது. தொகை இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்க வருமானவரிச் சட்டமே தடுக்கிறது. அதற்குக் குறைவானாலும் வங்கி வழியே வாங்கினால் தேதியோடு ஆதாரம் இருக்கும்.

உங்களுக்கு நாள் கணக்கு முக்கியம். நான்கு மாதம் போலத் தெரிந்தாலும், 45 நாள், என்.ஓ.சி., பதிவு நீக்கம் எல்லாம் சேர்ந்தால் மூன்று மாதத்தை விழுங்கிவிடும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை உரிமம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள், இரண்டு ஆயுதத்துக்கும் சேர்த்தே. விற்பனை முடியட்டும் என்று காத்திருந்து உரிமம் காலாவதி ஆனால் 21-ஆம் பிரிவின்படி இரண்டையும் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டிவரும்.

தோட்டா விஷயம். இரண்டுக்கும் .32 என்ற பெயர்தான் ஒன்று. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் முழு விளிம்பு உண்டு, பிஸ்டல் மேகசீனில் நிற்காது. ரிவால்வர் உங்கள் உரிமத்திலிருந்து நீங்கிய நாளில் அந்த 30-ம் உங்களிடம் இருக்கக் கூடாது. விற்பனைக் கடிதத்திலேயே எண்ணிக்கை போட்டு ரிவால்வரோடு கொடுங்கள், அவர் உரிமத்தில் அத்தனைக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

தாழ்ப்பாள்

தோட்டாவில் ஒன்றைச் சேர்க்கிறேன். பிஸ்டலின் 7.65 தோட்டா .32 ரிவால்வரின் அறைக்குள் நுழைந்துவிடும், அதனால் சிலர் போட்டுச் சுடுகிறார்கள். செய்யக் கூடாது. பிஸ்டல் தோட்டாவின் அழுத்தம் ரிவால்வர் தோட்டாவுடையதைவிட அதிகம். மடங்கும் சட்டகத்தில் அந்த வேகமெல்லாம் கீலிலும் கொண்டியிலும்தான் இறங்கும். வாங்குபவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பித்தளையில் பச்சை படிந்த தோட்டா, எண்ணெய் ஊறிய தோட்டா இருந்தால் தனியாகப் பிரித்துக் கடையில் ஒப்படையுங்கள்.

மெருகு ஏற்றவே வேண்டாம். புது மெருகுக்கு முன் பாலிஷ் போடுவார்கள், அதில் எழுத்தும் முத்திரையும் மழுங்கும், விளிம்புகள் உருண்டுவிடும். எண் மங்கினால் சோதனையின்போது தேவையில்லாத சந்தேகம் வரும். எதையோ மறைக்கத்தான் மெருகு போட்டிருக்கிறது என்று வாங்குபவரும் நினைப்பார். துருப்புள்ளியில் ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, செம்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மிருது, கீறாது. உப்புத்தாள் வேண்டாம். பிஸ்டலுக்கும் இதேதான், அதோடு வந்த மேகசீன்கள், பெட்டி, பழைய ரசீது எதையும் பிரித்துவிடாமல் மகளுக்கு ஒன்றாகவே கொடுங்கள். பிஸ்டல் முதன்முதலில் நாட்டுக்குள் வந்த சுங்கக் காகிதம் இருந்தால், விற்கத் தடை ஏதும் அதில் எழுதியிருக்கிறதா என்று இப்போதே படித்து வையுங்கள்.

நொய்யல்கரை

சட்டகத்தில் உள்ள எண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உரிமப் புத்தகத்தில் கடைசி இலக்கம் 3, ரிவால்வரில் 8. திங்கட்கிழமை திருத்த விண்ணப்பத்தோடு கலெக்டர் அலுவலகம் போகிறேன், ஈரோட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டேன்.

பேரேடு

போகும்போது வாங்கிய கடையின் 2006 அசல் ரசீதை எடுத்துப் போங்கள் சார். அதில் 8 என்று இருந்தால் எழுத்துப் பிழை என்று அவர்களே திருத்திவிடுவார்கள். ரசீது இல்லையென்றால், கடையின் விற்பனைப் பதிவேட்டிலிருந்து அந்தப் பக்கத்தின் நகலை முத்திரையோடு வாங்கிக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்காமல் ரிவால்வரைக் கொண்டுபோக வேண்டாம். பார்வையிட நாள் குறித்துச் சொல்வார்கள், அன்றைக்குக் காலி செய்து, தோட்டா இல்லாமல் கொண்டுபோனால் போதும்.