ஒட்டும் டயர் போடும் முன் எதை மாற்றுவது: ஆக்சிலா, கிளட்சா?

நேர்கோடு:
வணக்கம். என் கார் பின்சக்கர இயக்கம், மேனுவல் கியர்பாக்ஸ். என்னையும் சேர்த்து எடை 1,500 கிலோ. இன்ஜின் டார்க், அதாவது முறுக்கு விசை, 450 நியூட்டன் மீட்டர் (நி.மீ.). முதல் கியர் 3.3, பின் ஆக்சிலில் உள்ள கடைசி கியர் ஜோடியான கிரவுன்-பினியனின் விகிதம் 3.73. தினமும் ஓட்டுவதும் இதே கார்தான். ரேஸ் என்றால் முறையான டிராக் (drag), அதாவது நேர்கோட்டுப் பந்தயப் பாதையில் மட்டும், கால் மைல், அதாவது 402 மீட்டர்.

இப்போது சாதாரண டயரில் கிளம்பினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. அதனால் டிராக் ரேடியல் டயர், அதாவது தரையை அதிகமாகப் பிடிக்கும் ரேஸ் டயர், வாங்கப் போகிறேன். அதற்கு முன்னால், இன்ஜினுக்குப் பின்பக்கம் இருப்பதில் எதை முதலில் மாற்ற வேண்டும்? கேட்ட இடத்தில் பாதிப் பேர் ஆக்சில் என்கிறார்கள், பாதிப் பேர் கிளட்ச் என்கிறார்கள். காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

இரும்புஅச்சு:
ஆக்சில்தான், சந்தேகமே வேண்டாம். இன்றுவரை உங்கள் காரில் எதுவும் முறியாமல் இருப்பதற்குக் காரணமே நீங்கள் குறை சொல்லும் அந்த வழுக்கும் டயர்தான். சுமை ஓர் அளவைத் தாண்டியதும் டயர் வழுக்கிவிடுகிறது. அதற்கு மேல் ஆக்சிலுக்குப் போவதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 450-ஐ 3.3-ஆலும் 3.73-ஆலும் பெருக்கினால் சுமார் 5,500 நி.மீ. முன்பின் எடை 52-48, டயர் ஆரம் 32 செ.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன். சாதாரண டயருக்கு உராய்வுக் குணகம் 1 என்றால், கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்துப் பின்சக்கரங்கள் வழுக்காமல் ஏற்பது சுமார் 2,800 நி.மீ. தான். ரப்பர் படிந்த பாதையில் டிராக் ரேடியலுக்குக் குணகம் 1.6 என்று வையுங்கள். பிடிப்பு கூடக் கூட எடையும் இன்னும் பின்னால் சாயும். இப்போது 5,100 நி.மீ. வருகிறது. இன்ஜினில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை, ஆக்சிலுக்கு வரும் சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பு.

தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடியாக ஏறும். 30 மி.மீ. தண்டை 33 ஆக்கினாலே மூன்றில் ஒரு பங்கு வலிமை கூடுகிறது. ஆக்சில் முனையில் வெட்டியிருக்கும் பற்கள்தான் ஸ்பிளைன்; 28 ஸ்பிளைன் ஆக்சில் இருந்தால் இன்னும் தடித்த 31-க்குப் போங்கள், இடம் இருந்தால் 35. அதோடு டிஃபரென்ஷியலின் (இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) பக்கக் கியர்களும் அதே ஸ்பிளைனுக்கு மாற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பலர் ஆக்சிலை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம்தான் இதைக் கவனிக்கிறார்கள்.

இடதுகால்:
இரும்புஅச்சு அண்ணா, டயர் கணக்கு சரி. ஆனால் இன்ஜின் பக்கக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கிளட்சைச் சட்டென்று விடும்போது கியர்பாக்ஸுக்குள் போவது 450 நி.மீ. இல்லை. இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீல் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றலும் சேர்ந்தே வருகிறது. அதற்கு உச்சவரம்பு இன்ஜின் அல்ல, கிளட்ச் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான். 700 நி.மீ. பிடிக்கும் கிளட்ச் போட்டால் அந்த நொடியில் 700 போகும். அதை 3.3, 3.73-ஆல் பெருக்குங்கள், 8,600. டயர் அதை 5,100-ல் நிறுத்திவிடும் என்பது டயருக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. வழியில் இருக்கும் கியர் பல்லும், தண்டுகளை இணைக்கும் மூட்டான யு-ஜாயின்ட்டும் முதல் அடியை வாங்கிய பிறகுதான் டயர் வழுக்கத் தொடங்கும்.

அதனால்தான் கிளட்ச் முதலில் என்கிறேன். பலமான கிளட்ச் என்று சொல்லவில்லை, சரியான கிளட்ச் என்கிறேன். இன்ஜின் டார்க்கைவிடக் கொஞ்சம் மட்டும் அதிகமாகப் பிடிப்பது, சூடானாலும் ஒரே சீராக வழுக்கிப் பிடிப்பது. நான்கைந்து செராமிக் துண்டு ஒட்டிய டிஸ்க் சட்டென்று கவ்வும். காரை உலுக்கும், கியரைத் தின்னும். சின்டர்டு இரும்பு (தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த இரும்பு) டிஸ்க் வழுக்கலைத் தாங்கும், அதை யோசியுங்கள். கிளட்ச் ஹைட்ராலிக் குழாயில் விடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் போடலாம். முதல் 18 மீட்டரில் கிளட்ச் அரைநொடி வழுக்கினால் ஆக்சில் பிழைத்துக்கொள்ளும்.

இரும்புஅச்சு:
அரைநொடி வழுக்க விடு என்று எழுதுவது எளிது. ஓட்டுநர் பதற்றத்தில் இருக்கிறார், பச்சை விளக்கு எரிகிறது, இடது கால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருமா? ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாக ஓட்டிய நாளை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, மோசமாக ஓட்டிய நாளை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, உடைவதிலும் வித்தியாசம் இருக்கிறது. கிளட்ச் கருகினால் கார் நின்றுவிடும், அவ்வளவுதான். நேர்கோடு தம்பியின் ஆக்சில் சி-கிளிப் வகையாக இருந்தால், அதாவது உள்முனையில் ஒரு வளையம் மட்டுமே ஆக்சிலைப் பிடித்திருந்தால், தண்டு முறிந்ததும் துண்டோடு சேர்ந்து சக்கரமே வெளியே வந்துவிடும். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிகளில் 10.99 விநாடி அல்லது அதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடும் கார்களுக்கு மாற்று ஆக்சிலும், தண்டு முறிந்தாலும் சக்கரம் வெளியே வராமல் தடுக்கும் ஆக்சில் பிடிப்பானும் கட்டாயம் என்று எழுதியிருப்பதன் காரணம் இதுதான்.

இடதுகால்:
10.99 விதியை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. 1,500 கிலோ, 450 நி.மீ. என்றால் இந்தக் கார் 13 விநாடிப் பக்கம் ஓடும் கார். அந்த விதி இவருக்காக எழுதப்பட்டதே இல்லை.

ஆக்சிலைத் தடிப்பாக்கினால் சுமை மறைந்துவிடுவதில்லை, அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகிறது. அது கிரவுன்-பினியன் பல்லாக இருக்கலாம், கியர்பாக்ஸின் முதல் கியராக இருக்கலாம். ஆக்சில் மாற்றுவது சில மணி நேர வேலை. கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்துப் பல் மாற்றுவது அப்படியா? சி-கிளிப் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அது உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் அதற்குத் தேவை பிடிப்பான். 35 ஸ்பிளைன் இல்லை.

சக்கரம் குதிப்பதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும்போது ஆக்சில் முறுகி முறுகித் திரும்புகிறது. ஒவ்வொரு பிடிப்பும் ஓர் அடி. நல்ல ஆக்சிலையும் அது கொல்லும். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் பழைய ரப்பர் புஷ்களை மாற்றாமல் தடித்த ஆக்சில் போடுவதில் பயன் இல்லை. கேடிலாக் 2009 சிடிஎஸ்-வி காரில் இடது வலது ஹாஃப் ஷாஃப்ட்டுகளை (டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை) வேண்டுமென்றே வெவ்வேறு விட்டத்தில் செய்தார்கள், இரண்டும் ஒரே தாளத்தில் முறுகித் திரும்பி இந்தக் குதிப்பை வளர்க்கக் கூடாது என்பதற்காக. தனித்தனி பின் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் இது இன்னும் முக்கியம்.

பல்சக்கரம்:
நான் டிஃபரென்ஷியல் கட்டுபவன். இருவரும் தண்டைப் பற்றியே பேசுகிறீர்கள், வீட்டைப் பற்றி, அதாவது ஹவுசிங்கைப் பற்றிப் பேசவில்லை. சுமை ஏறும்போது கிரவுன் வீல் பினியனிலிருந்து விலகப் பார்க்கும். பேரிங் மூடிகளும் ஹவுசிங்கும் கொஞ்சம் வளைந்தாலே பல் தொடும் இடம் ஓரத்துக்கு நகரும். ஓரத்தில் தொட்ட பல்தான் உடையும். பேரிங் மூடிகளை அழுத்திப் பிடிக்கும் போல்ட் உள்ள பின்மூடி, பினியன் பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் நசுங்கும் வளையத்துக்குப் பதில் திடமான ஸ்பேசர், இந்த இரண்டும் ஆக்சிலுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். 1957-லிருந்து வந்த ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலை டிராக் உலகம் இன்னும் விடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், பினியனுக்குப் பின்முனையிலும் ஒரு பேரிங் தாங்கல் இருப்பது. பினியன் விலக இடமே இல்லை. அதற்கு விலையாக உராய்வு இழப்பு கொஞ்சம் அதிகம். எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

விகிதத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் இதையும் பாருங்கள். 3.73 என்பது பொதுவாக 41-க்கு 11 பல். 4.10 என்றால் 41-க்கு 10. 4.56 என்றால் 41-க்கு 9. பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது, வலிமையும் குறைகிறது. உங்கள் கார் முடிவுக்கோட்டை மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் தாண்டும் என்று வைத்தால், நான்காம் கியர் நேரடி விகிதமாக இருந்தால், 3.73-ல் இன்ஜின் 5,250 சுற்றில் இருக்கும். 4.10-ல் சுமார் 5,800. 4.56-ல் 6,400. சக்தி எந்தச் சுற்றில் உச்சம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். புறப்படும்போது டயர்தான் வரம்பு, அங்கே இன்னும் குட்டையான கியர் எதையும் தரப்போவதில்லை.

தினசரிஓட்டி:
இதே காரில் நாளை காலை வேலைக்குப் போக வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. யாராவது டிஃபரென்ஷியலை வெல்டு செய்யச் சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். திருப்பத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு தூரம் போக வேண்டும். பூட்டிவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயரும் ஆக்சிலும் அந்த வித்தியாசத்தைச் சுமக்கும். மழையில் பின்பக்கம் வழுக்கும். என்எச்ஆர்ஏ விதியிலும் பூட்டிய டிஃபரென்ஷியல் இருந்தால் நேரம் எதுவானாலும் மாற்று ஆக்சிலும் பிடிப்பானும் கட்டாயம். திறந்த டிஃபரென்ஷியலில் இரு ஆக்சிலும் சுமையைப் பாதிப்பாதி பகிரும். பூட்டியதில் ஒரு டயர் வழுக்கினால் மொத்தச் சுமையும் மறுபக்க ஆக்சிலுக்குப் போய்விடும்.

கிளட்ச் தகடு வகை லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல், போதும். எண்ணெயில் உராய்வு மாற்றும் சேர்க்கை ஊற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் திருப்பத்தில் கடகடவென்று சத்தம் வரும். ஹெலிகல் கியர் வகையும் சாலைக்கு இனிமைதான், ஆனால் ஒரு சக்கரம் முழுக்கப் பிடிப்பை இழந்தால் மறுபக்கத்துக்கு அதிகம் அனுப்பாது.

இதே காரணத்துக்காகத்தான் கிளட்ச் பற்றியும் இடதுகால் பக்கம் நிற்கிறேன். நெரிசலில் தொடை நடுங்கும் பெடலும், தவளை போலக் குதித்துக் கிளம்பும் காரும் இருந்தால், ஒரு மாதத்தில் காரை விற்கத் தோன்றும்.

இரும்புஅச்சு:
வெல்டு வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மெதுவாகச் சுமை கொடுத்தால் பாகம் பிழைக்கும் என்ற வாதத்தோடு ஒரு பாதுகாப்பு விஷயமும் சேர்ந்து ஒதுங்கிப் போகிறது, அதை விட மாட்டேன். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வளையம், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டைச் சுற்றிப் போடும் வளையம். முன் யு-ஜாயின்ட் உடைந்தால் தண்டின் முன்முனை கீழே விழும். தரையில் குத்தினால் காரையே தூக்கிவிடும். என்எச்ஆர்ஏ விதிப்படி ஸ்லிக் டயரோடு (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்) 13.99 விநாடி அல்லது அதற்குக் குறைவாக ஓடினால் வளையம் கட்டாயம். சாலை டயர் என்றால் 11.49 விநாடி அல்லது அதைவிட மெதுவாக ஓடும் கார்களுக்கு விலக்கு. முன் ஜாயின்ட்டிலிருந்து 15 செ.மீ.க்குள், தண்டைச் சுற்றி முழு வட்டமாக இருக்க வேண்டும். விலக்கு இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

அதே மாதிரி ஃபிளைவீல். வார்ப்பிரும்பு ஃபிளைவீலோடு அதிகச் சுற்றில் கிளட்சை வழுக்க விடுவது எனக்குப் பிடிக்காத காரியம். வெப்பத்தில் விரிசல் விட்டால் அது வெடிக்கும் இடம் உங்கள் கால் பக்கம். அமெரிக்க டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் பாதையில் டிரான்ஸ்மிஷன் வெடித்துப் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். இன்ஜினைத் தனக்குப் பின்னால் வைத்த டிராக்ஸ்டரை அவர் அதன் பிறகுதான் கட்டினார். வழுக்கும் கிளட்ச்தான் உங்கள் வழி என்றால், ரேஸ் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் சான்று உள்ள எஃகு ஃபிளைவீலும் அதன் செலவில் சேரும்.

இடதுகால்:
எஃகு ஃபிளைவீலை முழுமனதோடு ஏற்கிறேன். வளையத்தையும்தான். ஆனால் வரிசையில் ஆக்சில் முதலில் என்பதை இன்னும் ஏற்கவில்லை.

நேர்கோடு:
எல்லோருக்கும் நன்றி. கீழே படுத்துப் பார்த்தேன். என்னுடையது சி-கிளிப் ஆக்சில், 28 ஸ்பிளைன். பின் சஸ்பென்ஷன் புஷ்கள் எல்லாம் பழசு.

டயரைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கிறேன். முதலில் புஷ்கள், வளையம், ஆக்சில் பிடிப்பான். அப்புறம் எஃகு ஃபிளைவீலும் சின்டர்டு டிஸ்க்கும். பின்மூடியும் அதே சமயத்தில். 31 ஸ்பிளைன் ஆக்சிலுக்குப் பணம் சேர்க்கிறேன், அதுவரை கிளம்பும் சுற்றைக் குறைவாக வைத்துக்கொள்வேன். விகிதத்தை 3.73-லேயே விடுகிறேன். இதில் ஏதாவது தலைகீழாக இருக்கிறதா?

இரும்புஅச்சு:
பிடிப்பான் போடும்போது ஆக்சிலை எப்படியும் வெளியே எடுக்கத்தான் போகிறீர்கள் தம்பி. அப்போதே 31 போட்டால் ஒரே வேலை. ஒரு மாதம் பொறுத்தாவது சேர்த்தே செய்யுங்கள் என்பதுதான் என் பேச்சு. பழைய ஆக்சிலின் ஸ்பிளைன் பக்கம் ஒரு கோடு வரைந்து வையுங்கள். கோடு நேராக இல்லாமல் முறுக ஆரம்பித்தால் அந்தத் தண்டின் ஆயுள் முடிந்தது.

பல்சக்கரம்:
31-க்குப் போகும் நாளில் டிஃபரென்ஷியலைத் திறக்கும்போது பல் இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான ஆக்சில்களில் 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், உங்கள் ஆக்சிலின் கையேட்டில் சரியான எண் இருக்கும். கிரவுன்-பினியன் புதிதாகப் போட்டால் நேரே பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள். மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, முதல் எண்ணெயை வடித்துவிட்டு ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய் ஊற்றுங்கள். அதே எண்ணெயைக் கியர்பாக்ஸில் ஊற்றும் முன், உள்ளே கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ வளையம் பித்தளையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ஜிஎல்-5 எண்ணெய்கள் பித்தளையை அரிக்கும்.

இடதுகால்:
புது டிஸ்க்குக்கும் பழக்கம் வேண்டும். சாலையில் சாதாரணமாக ஓட்டிப் பழகிய பின் பாதைக்குப் போங்கள். முதல் நாள் 2,500 சுற்றில் கிளம்பி, முதல் 18 மீட்டர் நேரத்தை மட்டும் பாருங்கள். சுற்றைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். நேரம் குறைவது நின்றதும் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நூறு சுற்றும் ஆக்சிலுக்குத்தான் போகிறது, நேரத்துக்கு அல்ல.