ஆணுறை கிழிந்துவிட்டது: வேலூரில் பரிசோதனைக்கு எங்கே செல்வது?

கேள்வி:
நேற்று முன்தினம் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. காட்பாடியில் உள்ள ஆய்வகங்களில் தெரிந்த முகங்கள் இருப்பதால் தயங்குகிறேன். எங்கே, எப்போது பரிசோதிக்க வேண்டும்?

பதில் 1:
இன்றே புறப்படுங்கள், ஐயா. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும் என்பதால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் 2:
நானும் ஒரு நம்பிக்கை மையத்தின் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வாசலில் கைக்குட்டையால் முகத்தை மறைத்து நின்றவன்தான். ஆலோசகர் கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்த பிறகே பேசத் தொடங்கினார். அங்கே பரிசோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும்.

பதில் 3:
இன்று தொற்று இல்லை என்று வந்தாலும் அந்த முடிவு அந்த இரவைப் பற்றி எதுவும் சொல்லாது; மருத்துவர் குறிக்கும் நாளிலும், மூன்று மாதம் கழித்தும் மீண்டும் பாருங்கள். சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகளையும் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அடுக்கம்பாறைப் பேருந்தில் அமர்ந்து இதை எழுதுகிறேன். நன்றி.