பவர் ஹவுஸ் பிஎல்சிக்கு டயல்அப் மொடம் எது எடுக்கலாம்? கனெக்ட் ஆகுது, டேட்டா மட்டும் வரமாட்டேங்குது

மஸ்கெலியா_வயர்மேன்:
வணக்கம் எல்லாருக்கும். எஸ்டேட் ஆத்துல ஓடுற மினி ஹைட்ரோ ஒன்னுல மெயின்டனன்ஸ் பாக்குறேன். பவர் ஹவுஸ் கீழ பள்ளத்துல ஆத்தோரமா இருக்கு, எந்த சிம்ம போட்டாலும் ஒரு கோடு கூட நிக்காது, ஆனா போஸ்ட் மேல வர்ற பழைய டெலிபோன் லைன் ஒன்னு மட்டும் நல்லா இருக்கு. அதுல மெஷினக் கன்ட்ரோல் பண்ற சின்னக் கொம்பியூட்டரோட (பிஎல்சி) சேத்து ஒரு டயல்அப் மொடம், அதாவது டேட்டாவ டெலிபோன் சத்தமா மாத்துற பெட்டி, இருந்துச்சு, கொழும்பு ஒபீஸ் கொம்பியூட்டர் காலையில கோல் எடுத்து போர்பே (மேல இருக்குற தண்ணித் தொட்டி) மட்டம், கிலோவொட், பேரிங் சூடு, ட்ரிப் அலாரம் எல்லாத்தையும் இழுத்துக்கும். ஏப்ரல் இடியில அது போயிருச்சு. அவசரத்துக்கு வீட்டுல பாவிக்கிற பழைய மொடம் ஒன்னத் தேடிப் புடிச்சு மாட்டிருக்கேன். கீ...ன்னு சத்தம் போட்டு கனெக்ட் ஆகுது, லைட்டும் பத்துது, ஆனா கொழும்புல டைம்அவுட், இல்லாட்டி சிஆர்சி எரர் (டேட்டா கெட்டு வந்துருச்சுன்னு சொல்றது). எப்பவாவது ஒரு ரீடிங் மட்டும் சரியா வந்து விழுது. பெரிய தொரை இன்டஸ்ட்ரியல் மொடமே வாங்கிக்கன்னு சொல்லிட்டாரு. வேகம் 33.6கே எடுக்கவா 56கே (செகண்டுக்கு கிலோபிட்) எடுக்கவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன்_ரவுட்டர்:
மச்சான் டயல்அப்பா? இன்னுமா? 4ஜி ரவுட்டர் ஒன்னப் போட்டு வேலைய முடிங்க.

மஸ்கெலியா_வயர்மேன்:
சிக்னல் இல்லன்னு மேல எழுதிருக்கேனே அண்ணே.

பழைய_சோல்டர்:
தம்பி, 56கேய மறந்துருங்க. அந்த வேகம் ஒரு முனை நேரா டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுல குந்தியிருக்கணும், அந்தக் காலத்து இன்டர்நெட் கம்பனிக்காரங்க மாதிரி. ரெண்டு பக்கமும் சாதா லைன்னா 33.6க்கு மேல போகவே போகாது. உங்களுக்கு அதுவும் வேணாம். 20 ரெஜிஸ்டர் (பிஎல்சி ரீடிங் வச்சிருக்குற கட்டம்) வாசிச்சா மொட்பஸ்ல, அதாவது பிஎல்சியும் கொம்பியூட்டரும் பேசுற பாஷையில, பதில் 45 பைட்தான், செகண்டுக்கு 2400 பிட்ல ஓடினாலே கால் செகண்டுக்குள்ள வந்துரும். வேகத்தக் கூட்டக் கூட்ட ஹேண்ட்ஷேக் (ரெண்டு மொடமும் மொதல்ல பேசி ஒத்துக்குறது) நீளும், மழையில ஜொயின்ட் ஊறி லைன் இரையிறப்போ நடுவுல நின்னு ரீட்ரெய்ன் பண்ணும், அதாவது திரும்ப ஒத்துப் பாக்கும். அதனால 9600க்கோ 2400க்கோ பூட்டி வைக்கக்கூடிய மொடமாப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. லைன் செம்புக் கம்பியே எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் போகுதா, நடுவுல ஃபைபருக்கு மாத்தி வொய்ஸ் ஓவர் ஐபி (இன்டர்நெட் முறையில குரல அனுப்புறது) ஆக்கிட்டாங்களா? பிஎல்சி போர்ட்ல பெரிட்டி (பிழை பாக்குற கூடுதல் பிட்) என்ன வச்சிருக்கு? மொட்பஸ்ல எந்த வகை, ஆர்டியூவா (நேரா பைட்டா அனுப்புறது) அஸ்கியா (எழுத்தா மாத்தி அனுப்புறது)?

மஸ்கெலியா_வயர்மேன்:
செம்புதான் அண்ணே, லைன்மேன் போன மாசம் போஸ்ட்ல ஏறி ஜொயின்ட் போட்டாரு. ஆர்டியூ, 9600, 8 பிட், ஈவன் பெரிட்டி, 1 ஸ்டொப். கேபிள் நேர் கேபிள், மொடத்துக்குக் குரொஸ் தேவையில்லன்னு தெரியும்.

பழைய_சோல்டர்:
அங்கதான் சிக்கல். ஸ்டார்ட் 1, டேட்டா 8, பெரிட்டி 1, ஸ்டொப் 1, கூட்டினா ஒரு எழுத்துக்கு 11 பிட். மொட்பஸ் ஆர்டியூவோட ஸ்டேண்டர்டே இந்த 11 பிட்தான், ஆனா வீட்டு மொடம் அநேகமா 10 பிட் எழுத்துக்குன்னே செஞ்சது. பெரிட்டி பிட்ட அது ஸ்டொப் பிட்டுன்னு நெனச்சுக்கும். பெரிட்டி 1ஆ வர்ற பைட் தப்பிக்கும், 0ஆ வந்தா கெட்டுப்போகும், அதான் உங்களுக்கு எப்பவாவது ஒன்னு சரியா வருது. லைனக் குத்தம் சொல்லி பிரயோசனம் இல்ல.

இப்போதைக்கு பிஎல்சியில பெரிட்டிய நன் (இல்லாம) ஆக்கி ஸ்டொப் 1 வைங்க, 10 பிட் ஆயிரும். கொழும்புல சொஃப்ட்வெயார்லயும் அதே மாதிரி மாத்தச் சொல்லுங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வேலைக்காகாது. அதே போர்ட்ல வேற மீட்டர் எதுவும் தொங்குதான்னு மொதல்ல பாத்துக்கங்க, அதுவும் ஈவன்லதான் இருக்கும். புதுசு வாங்குறப்போ டேட்டாஷீட்ல 11 பிட் எழுத்து எடுக்கும்னு தெளிவா இருக்கணும், இல்லாட்டி வாங்காதீங்க, பெட்டி மேல இன்டஸ்ட்ரியல்னு என்ன எழுதியிருந்தாலும் சரி. கொழும்புப் பக்கத்து மொடமும் அதே இனமா இருக்கணும்.

இன்னொன்னு, எரர் கரெக்ஷன், அதாவது வி.42. மொடம் டேட்டாவப் பொட்டலமாக் கட்டி அனுப்பும், மறுபக்கம் ஒரே ஃப்ரேம் (ஒரு முழு மெசேஜ்) நடுவுல இடைவெளி விழுந்து வரும். ஆர்டியூவுக்கு மூணரை எழுத்து நேரம் சும்மா இருந்தா ஃப்ரேம் முடிஞ்சதுன்னு அர்த்தம், 9600ல அது சுமாரா 4 மில்லிசெகண்ட். மொடம் அத விட நேரம் எடுத்தா பிஎல்சி பாதி ஃப்ரேமத் தூக்கி வீசிரும். லைன் சுத்தம்னா எரர் கரெக்ஷன நிப்பாட்டிப் பாருங்க, ஃப்ரேம் பழுதானா சிஆர்சி புடிச்சுரும், சொஃப்ட்வெயார் திரும்பக் கேக்கும். லைன் மோசம்னா மொட்பஸ் அஸ்கிக்குப் போங்க, அது இடைவெளிய இவ்வளவு பெருசா எடுத்துக்காது. கொழும்புல டைம்அவுட்ட 3லருந்து 5 செகண்டாக்குங்க, கேபிள்ல நேரா வாசிக்கிற கணக்குல சில நூறு மில்லிசெகண்ட் வச்சிருப்பாங்க.

பண்டாரவளை_எர்த்:
நான் சொல்ல வந்தது இடியப் பத்தி. ஏப்ரல் மட்டும் இல்ல, ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரத்துல வெளுத்து வாங்கும். டெலிபோன் வயர்ல வர்ற சர்ஜ் மொடத்தோட நிக்காது, சீரியல் கேபிள் வழியா பிஎல்சி போர்ட்டையும் சேத்துக் கொண்டு போயிரும், உங்க பிஎல்சி தப்பிச்சது அதிர்ஷ்டம். லைன் உள்ள வர்ற இடத்துல கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப் (சர்ஜ எர்த்துக்குத் திருப்பி விடுறது) வச்ச புரொடெக்டர் ஒன்னு போடுங்க, ஆனா அதோட எர்த் பெனல் எர்த் பார்லயே கட்டணும். தனியா ஒரு ரொட்ட அடிச்சு அதுல கட்டுறாங்க பாருங்க, அது பெரிய வில்லங்கம், இடி விழுறப்போ ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் முழுக்க உங்க மொடம் வழியாத்தான் பாயும். மொடத்துக்கும் பிஎல்சிக்கும் நடுவுல ஒப்டோ ஐசொலேட்டர் (வயர் தொடர்பு இல்லாம வெளிச்சத்துல சிக்னலக் கடத்துறது) ஒன்னு. நம்ம பக்கம் கல்லுத் தரை, ஒரு ரொட்ல எர்த் நல்லா வராது, அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க.

ஊவா_காத்து:
சப்ளையையும் பாருங்க. பவர் ஹவுஸ்ல 24 வோல்ட் பெட்டரி பேங்க் இருக்கும்தானே, மொடம் அதுலருந்தே ஓடணும். 230 அடெப்டர்ல தொங்கினா மெஷின் ட்ரிப் ஆகி கரண்ட் போன நேரத்துல மொடமும் செத்துக் கெடக்கும், அந்த நேரத்துல ஒபீஸ்ல எதுவும் பாக்க முடியாதுன்னா மொடம் எதுக்கு? 10லருந்து 30 வோல்ட் டிசி எடுக்குற, டின் ரெயில்ல (பெனலுக்குள்ள சாமான் மாட்டுற தகட்டுல) மாட்டுற இனமாப் பாருங்க. பள்ளத்துல மூடுபனி, ஈரம், போர்டுக்கு கோட்டிங் அடிச்சிருந்தா இன்னும் நல்லது.

கரண்ட் போய் வந்தா செட்டிங் மறக்குற மொடமும் இருக்கு. எஸ்0=1 (மொதல் ரிங்லயே தானா எடுக்குறது) வச்சு ஏடி&டபிள்யூ குடுத்து சேவ் பண்ணுங்க, அதுவும் லெப்டொப்ப 9600ல வச்சே குடுங்க, ஏன்னா பிஎல்சி ஒரு நாளும் ஏடி கமாண்ட் (மொடத்துக்குக் குடுக்குற கட்டளை) அனுப்பாது, கடைசியா சேவ் பண்ணின வேகத்துலதான் மொடம் அதோட பேசும். கியூ1, இ0 போட்டு ரிங், கனெக்ட்ங்கிற எழுத்தெல்லாம் பிஎல்சிக்குப் போகாம நிப்பாட்டிருங்க. போர்ட்ல டிடிஆர் (ரெடின்னு மொடத்துக்குச் சொல்ற) வயர் இல்லன்னா, மொடம் அதக் கண்டுக்காம இருக்க &டி0. பிஎல்சியோட ஒரு ரிலே அவுட்புட் வழியா மொடம் சப்ளைய எடுத்து ராத்திரியில ஒரு தடவ கட் பண்ணி விடுங்க, ஹேங் ஆன மொடத்துக்காக அந்தப் படிக்கட்டுல எறங்கி ஏற வேண்டியதில்ல.

ஹட்டன்_ரவுட்டர்:
சரி சரி சிக்னல் இல்லாதத நான் கவனிக்கல :) ஆனா ஒன்னு, அந்த நம்பருக்கு யாரு கோல் எடுத்தாலும் மொடம் தூக்கும், மொட்பஸ்ல பாஸ்வேர்ட்னு ஒன்னே கிடையாது, நம்பர் கெடச்சவன் தண்ணி கேட்டத் (மதகு) தொறக்கலாம், மெஷின நிப்பாட்டலாம். கோல் வர்ற நம்பரப் பாத்து எடுக்குற, இல்லாட்டி திருப்பி கோல் பண்ற மொடம் எடுங்க. பிஎல்சியிலயும் வெளியருந்து எழுதுறத அடைச்சு வாசிக்க மட்டும் விடுங்க.

அப்புறம் லைன ஃபைபருக்கு மாத்தப்போறாங்களான்னு டெலிபோன் ஒபீஸ்ல கேட்டுட்டுக் காசப் போடுங்க. வொய்ஸ் ஓவர் ஐபியில குரல அமுக்கி அனுப்பினா மொடம் சத்தம் உருப்படாது. மாறுறதா இருந்தா மேல போர்பேக்கிட்ட சிக்னல் வருதான்னு பாருங்க, லெவல் சென்சர் கேபிளோட கூட ஒரு ஃபைபர் எறக்கி ரவுட்டர மேலயே வைக்கலாம். 4ஜி சிம்முக்குப் பொதுவா பப்ளிக் ஐபி (வெளியருந்து நேரா கூப்பிடக்கூடிய விலாசம்) கெடைக்காது, ரவுட்டர்தான் உள்ளருந்து விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ள பூட்டின தனி வழி) கட்டணும்.

மஸ்கெலியா_வயர்மேன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. பெரிட்டிய நன் ஆக்கி கொழும்புலயும் மாத்தச் சொன்னேன், டைம்அவுட் 4 செகண்ட். இந்த வீட்டு மொடத்துலயே இன்னிக்குக் காலையில எல்லா ரீடிங்கும் வந்துருச்சு. போர்ட்ல வேற மீட்டர் எதுவும் இல்ல. எர்த்தப் பாத்தா பண்டாரவளை அண்ணன் சொன்ன மாதிரியே டெலிபோனுக்குத் தனி ரொட் ஒன்னு சுவத்துக்கு வெளிய நிக்குது, ஞாயித்துக்கெழம மெஷின் நிப்பாட்டுறப்போ பார்ல சேத்துருவேன். 11 பிட், டிசி சப்ளை, நம்பர் பாத்து எடுக்குறது, இதெல்லாம் எழுதி ரெண்டு கடைக்கு கொட்டேஷன் கேட்டு அனுப்பிருக்கேன். ஃபைபர் விஷயம் டெலிபோன் ஒபீஸ்ல இன்னும் பதில் சொல்லல.

பழைய_சோல்டர்:
நல்லது தம்பி. அந்தப் பதில் வர்ற வரைக்கும் ஓர்டர் போடாதீங்க, வீட்டு மொடம் அதுவரைக்கும் தாங்கும். கொட்டேஷன் வந்தா மொடல் நம்பரப் போடுங்க, டேட்டாஷீட்டப் பாத்துச் சொல்றேன்.