மவுஸ் டாங்கியும் தரை தொடாத சக்கரமும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய மவுஸ் டாங்கியின் பிளாஸ்டிக் மாடலை, 35-இல் ஒரு பங்கு அளவில், ஒட்டி முடித்து ஒரு வாரம் ஆகிறது. 188 டன் இரும்புக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், குறும்புக்காரர்கள்.

பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த இந்த வண்டியின் சங்கிலித் தடம் 1.1 மீட்டர் அகலம். மாடலிலேயே மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. அடிப்பாகத்தில் பாதிக்கு மேல் தடம்தான். அதற்குள் வரிசை வரிசையாகச் சிறு சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பிளாஸ்டிக் வார்ப்பில் விழுந்த அச்சுக்கோடு. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போனது. பக்கச் சுவரை ஒட்டிய மறு நிமிடம் அத்தனையும் உள்ளே மறைந்துவிட்டன. அது தெரிந்துதான் தேய்த்தேன் என்பது வேறு விஷயம்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால், இடப்பக்கப் பின்மூலையில் தடம் தரையைத் தொடவில்லை. ஒரு தாளை நுழைத்தேன். தடையே இல்லாமல் உள்ளே போனது. இத்தனை கனத்த வண்டி நாயைப் போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? சுவரைப் பெயர்த்தால் பிளந்துவிடும். கடைசியில் வண்டியைக் கவிழ்த்து, நீண்ட இடுக்கியால் சக்கரத்துக்கும் தடத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சீவல் ஒன்றைச் செருகினேன். சக்கரம் இறங்கவில்லை, தடம் இறங்கியது. வெளியே ஒன்றும் தெரியாது. முதன்முறையாக அந்தச் சுவருக்கு நன்றி சொன்னேன்.

வண்ணம் பூசும்போது இன்னொரு குழப்பம்: எந்த வண்டியாக்குவது? நிஜத்தில் கட்டி முடிக்கப்பட்டவை இரண்டே உடல்கள். முதலாவது வண்டி போலி எடையைச் சுமந்துதான் சோதனை ஓட்டம் போனது. பீரங்கிக் கோபுரம் இரண்டாவதில்தான் ஏறியது. போருக்குப் பின் சோவியத்துகள் அந்தக் கோபுரத்தை எடுத்து முதலாவது உடலில் பொருத்தினார்கள். அந்த ஒட்டுவண்டி இன்றும் ரஷ்யாவின் குபிங்கா டாங்கி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான் செய்தது அதைத்தான். பெட்டிப் படத்தில் இருந்த தீயும் குண்டுத் தழும்பும் எனக்கு ஒவ்வவில்லை. அடியில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான்.

* * *

(ஒரு வாசகரின் பதில்) உங்கள் சீவல் யோசனை அருமை, நண்பரே. நான் மாட்டிக்கொண்டது அமெரிக்காவின் டி28 என்ற கனரக டாங்கியின் மாடலிடம். மொத்தம் இரண்டுதான் செய்தார்கள். ஒன்று 1974-இல் வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில் புதருக்குள் கேட்பாரற்றுக் கிடந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடங்கள். ரயிலில் ஏற்றும்போது வெளித் தடங்களைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, பின்னால் இழுத்துப் போகலாம். மாடலிலும் அப்படியே கழற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சிறு காந்தங்கள் வைத்தேன். பார்க்க வந்த உறவுக்காரப் பையன் வெளித் தடத்தைப் பிடித்து ஆசையாகத் தூக்கினான். தடம் அவன் கையில் இருந்தது. மீதி வண்டி தரையில். 105 மில்லிமீட்டர் பீரங்கிக் குழாய் அடியோடு முறிந்தது. காந்தங்களைப் பிடுங்கிவிட்டுப் பசை போட்டுவிட்டேன்.