நாள் முழுக்கக் கதிரையில்: நடந்தால் தடிமன் (சளி) குறையுமா?

கேள்வி: நுவரெலியாவில் கணக்கு வேலை. காலையில் உட்கார்ந்தால் பின்னேரம்தான் எழும்புவது. மழைக்காலத்தில் அடிக்கடி தடிமன். நடந்தால் எதிர்ப்புச்சக்தி கூடுமா?

பதில் 1: உதவும், ஆனால் தடிமனே வராது என்றில்லை. வேகமாக நடக்கையில் நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான இயற்கைக் கொல்லி செல்களும் டி செல்களும் இரத்தத்தில் அதிகம் சுற்றும்; நின்றபின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே ஞாயிறு ஒரே மூச்சில் மலை ஏறுவதைவிட தினமும் 30 நிமிடம் நல்லது. உலக சுகாதார அமைப்பு சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நடக்கையில் பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும். ஏற்றத்தில் மெதுவாகப் போனாலே அது வந்துவிடும்.

பதில் 2: நடந்துவிட்டு எட்டு மணி நேரம் அசையாமல் இருக்காதீங்க. காலிலுள்ள நிணநீரை (எதிர்ப்புச் செல்களைச் சுமக்கும் திரவம்) மேலே தள்ளுவதில் கெண்டைத் தசைக்குப் பெரிய பங்கு. அரை மணிக்கொருக்கா எழும்பி குதிகாலை 20 தரம் தூக்கி இறக்குங்க.

பதில் 3: காய்ச்சல், உடம்புவலி இருந்தால் நடை வேண்டாம். முதல் வாரம் செங்குத்தான இறக்கமும் வேண்டாம், மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும்.